கைக்குள் அடங்கும் மரப்பறவை: செதுக்குவது முதல் கொடுப்பது வரை

மருத்துவமனைக்கு ஒருவரைப் பார்க்கப் போனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். படுத்திருப்பவர் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, கூட இருப்பவர்கள்தான் சாப்பிடுகிறார்கள். தப்பில்லை, அவர்களுக்கும் பசிக்கும். ஆனால் படுத்திருப்பவரின் கை? டிரிப்ஸ் ஏறாத அந்த இன்னொரு கை, போர்வை நுனியைத் திருகிக்கொண்டே கிடக்கும்.

அமெரிக்காவில் மரம் செதுக்குவோர் சங்கங்கள் பல, அந்தக் கைக்காகவே ஒரு பறவையைச் செதுக்குகின்றன. ஆறுதல் பறவை என்பது அதன் பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கண் இல்லை, இறகுக் கோடு இல்லை, கால் இல்லை. அலகு, தலை, வயிறு, வால் என்று ஒரு வழவழப்பான வடிவம், அவ்வளவுதான். புற்றுநோய்ப் பிரிவுகளுக்கும், கடைசிக்காலப் பராமரிப்பு இல்லங்களுக்கும், துக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதை விலையில்லாமல் கொடுக்கிறார்கள்.

அதை நம் ஊரில் கிடைக்கும் மரத்தில், நம்மிடம் இருக்கும் கருவிகளில் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். உளி பிடித்தே பழக்கமில்லாதவரும் பொறுமையாகச் செய்தால் இரண்டு மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இது பார்ப்பதற்கான பொருள் இல்லை, பிடிப்பதற்கான பொருள். எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் கை என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள். ஷோகேஸில் வைக்கிற பறவை வேண்டுமென்றால் வழி வேறு.

மரம் ஏன்?

உலோகமும் பளிங்கும் கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும், ஏனென்றால் அவை உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கின்றன. மரம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் கையில் எடுத்த சில நொடிகளிலேயே கையின் சூட்டுக்கு வந்துவிடுகிறது.

ஜப்பானின் சிபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவிகள் சிலரைக் கண்ணை மூடச் சொல்லி, வெள்ளை ஓக் மரம், பளிங்கு, டைல், எஃகு ஆகியவற்றை ஒவ்வொன்றாக 90 விநாடி உள்ளங்கையால் தொட வைத்தார்கள். மரத்தைத் தொட்டபோது மூளையின் முன்பகுதியில் செயல்பாடு தணிந்தது, உடலை ஓய்வுநிலைக்குக் கொண்டுபோகும் நரம்புகளின் வேலை கூடியது. சிறிய ஆய்வுதான். இதைக் காட்டி மரம் நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நமக்கும் இது புதிதில்லை. கொலுவில் முதல் படியில் நிற்கும் மரப்பாச்சி ஜோடி, வருடத்தின் மற்ற நாட்களில் குழந்தையின் கையில் கிடந்த பொம்மைதான். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்து, அவள் பிள்ளைகள் விளையாடி, பிறகு அவர்களுக்குப் போய்ச் சேரும். பல வீடுகளில் அதன் மூக்கும் முழியும் தேய்ந்தே போயிருக்கும்.

யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொதுவாக ஒன்று செய்து வைத்துவிட்டு அப்புறம் ஆள் தேடலாம், தவறில்லை. ஆனால் ஆளைத் தெரிந்து செய்தால் பறவையின் அளவே மாறும்.

நான்கு விரல்களின் அடியில் உள்ளங்கையின் குறுக்களவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 8 அல்லது 9 செ.மீ. இருக்கும். பறவையின் நீளம் அதைவிட ஒரு செ.மீ. அளவுக்குக் கூடுதலாக இருந்தால் அலகு ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் லேசாக வெளியே தெரியும், உடல் முழுக்கக் கைக்குள் இருக்கும். நேரில் அளக்க முடியாவிட்டால் அவரோடு கைகுலுக்கியதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கையைவிடச் சிறியதா பெரியதா என்று தெரிந்தால் போதும்.

மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு விரல் முழுதாக மடங்காது. அவர்களுக்கு ஒல்லியான பறவை பயன்படாது, வயிற்றைப் பருமனாக விடுங்கள். பிடி பலவீனமாக உள்ளவர்களுக்கு எடை குறைந்த மரமும், கண்ணாடிபோல் வழுக்காத மேற்பரப்பும் நல்லது. பக்கவாதத்தில் கை இறுக மூடிக்கொண்டவருக்கு என்றால், எதையாவது பிடிக்கக் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று அவருடைய பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நினைவு மங்கியவர்கள் வாயில் வைக்கக்கூடும். அலகைக் கூர்மையாக விடாமல் மழுக்குங்கள், ஒட்டவைத்த கண், மணி எதுவும் வேண்டாம்.

மரம் தேடுவது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அமெரிக்கர்கள் பெரும்பாலும் பாஸ்வுட் எடுக்கிறார்கள். வெளிர் நிறம், ரேகை (மரத்தின் நார் ஓடும் கோடு) தெரியாது, கத்திக்கு மென்மையானது. நம் பக்கம் அதற்கு நெருங்கியது குமிழ் மரம். இலேசாக இருக்கும், சீராகச் சீவ வரும். முதல் பறவைக்கு இதைத்தான் சொல்வேன். வெப்பாலையும் அருமையானது, சன்னபட்டணத்துப் பொம்மைகள் அந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. பூவரசு கொஞ்சம் கனம், ஆனால் இழைத்தால் வரும் பளபளப்புக்குக் கைவலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தேக்கு எல்லா மரக்கடைகளிலும் துண்டாகக் கிடைக்கும். அதில் மணல்சத்து இருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். பலா எனக்குப் பிடித்தது. புதிதாக வெட்டும்போது மஞ்சளாக இருந்து வருடங்கள் போகப் போகப் பழுப்பேறும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலா மரத்தில்தான் செய்யப்படுகின்றன. பட்டறையில் கேட்டால் கழிவுத் துண்டு கொடுப்பார்கள். சந்தனத்துக்கும் செம்மரத்துக்கும் ஆசைப்படாதீர்கள். விலை ஒரு பக்கம், சட்டக் கட்டுப்பாடு இன்னொரு பக்கம். ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும்.

கடை மரத்தைவிட மேலான ஒன்று இருக்கிறது: அவர்கள் வீட்டு மரம். தானே புயலில் சாய்ந்த பலா, கிணற்றோரம் வெட்டிய வேம்பு, விற்றுவிட்ட பூர்வீக வீட்டின் நிலைச்சட்டம், அப்பா படுத்திருந்த கட்டிலின் உடைந்த கால், ஊஞ்சல் பலகையின் நுனி. கணவரை இழந்த ஒரு அம்மாவிடம் கடையில் வாங்கிய குமிழில் செய்த பறவையைக் கொடுத்தால் நன்றி சொல்வார். "இது உங்க வீட்டுத் திண்ணைத் தூண்ல செஞ்சதும்மா" என்று கொடுத்தால் பேச ஆரம்பிப்பார். அந்தத் தூணில் யார் சாய்ந்து உட்கார்ந்தார்கள், யார் பல்லை உடைத்துக்கொண்டார்கள் என்று கதை வரும். ஆறுதல் என்று நாம் சொல்வதில் பாதிக்கும் மேல் இந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன்.

பழைய மரத்தில் இரண்டு எச்சரிக்கை. உள்ளே ஆணி இருக்கலாம், ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளாகப் பறக்க விடாமல், பெயின்ட் பட்ட பகுதியையே வாளால் அறுத்து எறியுங்கள்.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் ஒரு மாதத்தில் வெடிப்பு விடும். கணுவும் வெடிப்பும் இல்லாத, 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள துண்டு போதும். ரேகை நீளவாக்கில், அலகிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் அலகும் வாலும் முதல் தடவை கீழே விழும்போதே உடையும்.

கருவிகள்

செதுக்குக் கத்தி ஒன்று, வாள் ஒன்று, அரை வட்ட அரம் ஒன்று, உப்புத்தாள் 80, 120, 220, 400 எண்களில் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்). உளியும் கொட்டாப்புளியும் இருந்தால் வேலை சுருங்கும், இல்லாவிட்டாலும் நடக்கும். கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுப்படாத கையுறை வாங்குங்கள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நோயாளிக்காகச் செய்யும் பொருளுக்காக நாம் நோயை வாங்கக் கூடாது.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் கொடுப்போம், அழுத்தம் கொடுக்கும்போதுதான் வழுக்கும். சாணைக்கல்லில் தீட்டி, பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வடிவம் வரைவது

மரத்துண்டின் பக்கவாட்டில் பறவையின் பக்கத் தோற்றத்தை வரையுங்கள். அலகு முன்பக்கம், உயரத்தின் முக்கால் பங்கில். தலை ஓர் உருண்டை. தலைக்குப் பின்னால் முதுகில் ஒரு மெல்லிய பள்ளம் வர வேண்டும். கட்டைவிரல் போய் உட்காரும் இடம் அது, ஆறுதல் பறவையில் முக்கியமான இடமும் அதுதான். மார்பும் வயிறும் முன்பாதியில் கனமாக இருக்கட்டும். வால் ஒடுங்கி லேசாக மேலே தூக்கி நிற்கட்டும்.

பிறகு மேல் பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம். நடுக்கோடு ஒன்று போட்டுக்கொண்டு, தோள் பக்கம் நாலரை செ.மீ. அகலம், வால் நுனியில் ஒன்றரை செ.மீ. என்று இரு பக்கமும் சமமாக வரையுங்கள். இந்த நடுக்கோடு செதுக்கும்போது அழிந்துகொண்டே இருக்கும். அழிய அழியத் திரும்பப் போடுங்கள். கோடு போனால் பறவை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

அறுப்பது, செதுக்குவது

பக்கத்தில் தச்சுப் பட்டறை இருந்து அங்கே பேண்ட் சா (பட்டைவாள் இயந்திரம்) இருந்தால், ஆசாரியிடம் சொல்லி இரண்டு தோற்றத்தையும் அறுத்து வாங்கிக்கொள்வது உத்தமம். முதலில் பக்கத் தோற்றத்தை அறுத்து, விழுந்த துண்டுகளைத் திரும்ப டேப் போட்டு ஒட்டி, அப்புறம் மேல் தோற்றத்தை அறுக்கச் சொல்லுங்கள். ஒட்டாவிட்டால் மேலே வரைந்த படம் துண்டோடு போய்விடும், துண்டும் மேசையில் ஆடும்.

இயந்திரம் இல்லையென்றால் கழிவுப் பகுதியில் வாளால் ஒரு செ.மீ. இடைவெளிகளில் கோட்டைத் தொடும் அளவுக்குக் குறுக்குவெட்டுகள் போட்டு, இடைப்பட்ட மரத்தை உளியால் தட்டி எடுங்கள். மெதுவான வேலை.

இப்போது கையில் இருப்பது விளிம்புகள் உள்ள பறவை. விளிம்புகளை உடைக்க வேண்டும். இரண்டே இரண்டு வெட்டு தெரிந்தால் போதும். ஒன்று, கத்தி பிடித்த கையை அசைக்காமல், மரம் பிடித்த கையின் கட்டைவிரலால் கத்தியின் முதுகை முன்னால் தள்ளுவது. மற்றது, உருளைக்கிழங்குத் தோல் சீவுவதுபோல் கத்தியை நம்மை நோக்கி இழுப்பது. இரண்டாவதில் கட்டைவிரல் கத்தியின் பாதைக்குக் கீழே இருக்கட்டும், பாதையில் இருக்கக் கூடாது.

எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவுங்கள். முதுகுப் பள்ளத்துக்குத் தலைப் பக்கமிருந்து ஒரு தடவை, வால் பக்கமிருந்து ஒரு தடவை. பள்ளத்திலிருந்து மேட்டுக்குச் சீவினால் ரேகை பிய்ந்து சிராய் எழும். கத்தி சிக்குகிறது என்று தோன்றினால் பலத்தைக் கூட்ட வேண்டாம், மரத்தைத் திருப்பிப் பிடியுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிப் பறவையைக் கையில் பிடித்துப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று கை உடனே சொல்லும். தோள் பக்கம் பெரும்பாலும் சதுரமாகவே நிற்கும். வயிற்றின் அடியில் மேடு இருக்கும். பென்சிலால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் எடுங்கள். இடக்கையிலும் பிடித்துப் பாருங்கள். அடிவயிற்றில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சமதளம் விடுவது என் வழக்கம், கட்டிலோர மேசையில் உருண்டு விழாமல் இருக்கும். முழு உருண்டையே அழகு என்பவர்களும் உண்டு. முடிந்த பறவை மரத்தைப் பொறுத்து ஏறக்குறைய 50 முதல் 70 கிராம் வரும்.

தேய்ப்பதும் அதைப் பகிர்வதும்

அரத்தால் கத்தித் தடங்களை எடுத்துவிட்டு, 80இல் தொடங்கி ஒவ்வொரு தாளாக ஏறுங்கள். ஒரு தாளைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே தங்கிவிடும். விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் கீறல் எல்லாம் தெரியும். 220 முடிந்ததும் ஈரத் துணியால் பறவையைத் துடைத்து ஒரு ராத்திரி காய விடுங்கள். மரத்தின் நார் எழுந்து நின்று சொரசொரவென்று ஆகும். அதை 400 தாளால் லேசாக எடுத்துவிட்டால், பிறகு வியர்வை பட்டாலும் நார் எழாது. இதைத் தவிர்த்தவர்களின் பறவை ஒரு வாரத்தில் கையில் உறுத்த ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் ஒரு யோசனை. கடைசித் தாளை நீங்கள் முடிக்காதீர்கள். படுத்திருப்பவருக்கு உட்கார முடியும், வேலையில் விருப்பமும் இருக்கிறது என்றால், ஈரத்துணியால் துடைத்து 400 தாளால் ஒரு தடவை தூள் போக நீங்கள் தேய்த்துவிட்டு, முடிவுத் தேய்ப்பை அவரிடமே கொடுங்கள். அப்போது வருவது மிகக் குறைவான தூள்தான், அதையும் ஈரத் துணிமேல் வைத்துத் தேய்த்தால் பறக்காது. நுரையீரல் பிரச்சினையோ கீமோ சிகிச்சையோ இருந்தால் இது வேண்டாம். அவருக்கு முடியாவிட்டால் பேரனோ மகளோ செய்யட்டும். மருத்துவமனை வராந்தாவில் மணிக்கணக்காக மொபைலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது. நாலு பேர் தேய்த்த பறவை என்றால் அது நாலு பேருடையது.

பூச்சு

வார்னிஷ் வேண்டாம். பூசினால் கை தொடுவது பிளாஸ்டிக்கை. அதே சிபா குழு வெவ்வேறு பூச்சுகளையும் சோதித்தபோது, பூசாத மரமே மனத்தை அதிகம் தளர்த்தியது.

ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுதாகத் துடைத்து, சில நாட்கள் காய விடலாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காயாது, நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். வாயில் வைக்கக்கூடியவர்களுக்கு என்றால் சுத்தமான தேன்மெழுகை மட்டும் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும்.

கொடுப்பது

மருத்துவமனையில் முதலில் நர்ஸிடம் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வெளிப் பொருளை அனுமதிக்க மாட்டார்கள், அது சரிதான். மரம் நுண்துளை உள்ள பொருள், அதனால் ஒரு பறவை ஒருவருக்குத்தான், வார்டு முழுக்கச் சுற்றி வரக் கூடாது.

துக்க வீட்டுக்கு முதல் நாட்களில் கொண்டுபோக வேண்டாம். அப்போது வீடு நிறைய ஆள், கை நிறைய வேலை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் பஸ் ஏறியபிறகு போங்கள்.

பேச்சு குறைவாக இருக்கட்டும். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள், அது நம் கையில் இல்லை. "கைல வச்சுக்கங்க, பிடிக்கலைன்னா யாருக்காவது குடுத்துடுங்க" என்பது போதும். கூட ஒரு சின்ன அட்டையில் என்ன மரம், எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். செதுக்கியவர் பெயர் பறவையின் மேல் வேண்டாம்.

சிலர் வாங்கிக்கொண்டு மேசையில் வைத்துவிடுவார்கள். போய்ப் பார்க்கும்போதெல்லாம் பறவை எங்கே என்று தேடாதீர்கள். சிலர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜப்பானில் டசாய்ஃபு கோயிலில் ஒவ்வொரு ஜனவரி 7ஆம் தேதி மாலையும் மக்கள் மரத்தில் செதுக்கிய சிறு பறவைகளை முன்பின் தெரியாதவர்களோடு கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். போன வருடத்துக் கெட்டது அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. கைமாறுவது அங்கே அந்தப் பறவையின் வேலையே. சிலர், தாங்கள் இறந்தால் பறவையையும் கூடவே வைத்து அனுப்பச் சொல்வார்கள். குடும்பத்தார் உங்களிடம் கேட்டால், தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு

அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வைக்கச் சொல்லுங்கள், தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மெழுகு போட்டால் நல்லது. கை பட்டுப் பட்டுக் கறுப்பது பழுதில்லை, அதை எடுக்கத் தேய்க்காதீர்கள். அலகு உடைந்தால் ஒட்ட வேண்டியதில்லை. உடைந்த இடத்தை 120 தாளால் உருட்டி, 400 வரை போய், மெழுகு போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அலகு கொஞ்சம் குட்டையாக இருக்கும், பிடிப்பதில் எந்த வித்தியாசமும் இருக்காது.